பீட்ரூட் சாறும் பிளீச்சிங் பவுடரும்

வாளையாறு

மதுக்கரை சிமெண்ட் ஆலையைக் கடந்து சிறிது தூரம் போனதும் காடு தொடங்கிவிடுகிறது. மலைத்தொடர் இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்க, நடுவே பாலக்காட்டுக் கணவாய். கோவை, பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஆடிக் காற்றும் சாரலும் இந்த வழியாகத்தான் வரும். 2018க்குப் பிறகு நிபா வைரஸ் பற்றிய பயமும் இதே வழியாக வருகிறது. கோழிக்கோட்டிலோ மலப்புறத்திலோ ஒருவருக்கு நிபா என்று செய்தி வந்தால் போதும், மாநில எல்லையான வாளையாற்றில் நம் சுகாதாரத் துறையின் மேசை முளைத்துவிடும். முகக்கவசம் போட்ட இளைஞர்கள் வெப்பமானியைத் துப்பாக்கிபோல் நீட்டிக்கொண்டு பேருந்துக்குள் ஏறுவார்கள்.

என் அக்கா பொள்ளாச்சிப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியர். 2020இல் கொரோனா வந்த புதிதில் அவளுக்குக் கிடைத்த பயிற்சியைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறாள். ஒரு பெரிய கூடம். மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள், கொசு ஒழிப்புப் பணியாளர்கள், ஓட்டுநர்கள் எல்லோரும் ஒரே கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஆங்கிலத்தில் எழுத்துகள் ஓடின. வைரஸ் எப்படி இருக்கும் என்று படம் காட்டினார்கள். அக்காவுக்கு இருந்தது ஒரே ஒரு சந்தேகம். ‘வாசலில் நிற்கிற என்னை, உள்ளே வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ கண்ணு என்று கூப்பிடுகிற பாட்டியிடம் என்ன சொல்வது?’ அதைக் கேட்க அங்கே இடமில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். மறுநாளிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

அக்காவின் கேள்விக்கு எங்காவது பதில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் மலபாருக்குப் போனேன். கேரளம் 2018இல் நிபாவைச் சந்தித்தது. பிறகு 2019, 2021, 2023, 2024, 2025 என்று அது திரும்பத் திரும்ப வந்தது. இத்தனை முறை ஒரே நோயை எதிர்கொண்ட ஊரில், துடைப்பம் பிடிப்பவருக்கும் ஸ்டியரிங் பிடிப்பவருக்கும் குழி வெட்டுபவருக்கும் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்? மருத்துவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மற்றவர்களைத் தேடிப் போனேன்.

கோழிக்கோடு

கோழிக்கோட்டில் கால் வைத்ததும் உடம்பை ஈரம் பிடித்துக்கொள்கிறது. எங்கள் ஊர்க் காற்றில் வேர்வை உடனே காய்ந்துவிடும். இங்கே அது காய்வதில்லை. தலை முதல் கால் வரை மூடும் பாதுகாப்பு உடையைப் போட்டுக்கொண்டு இந்தப் புழுக்கத்தில் ஒருவர் எவ்வளவு நேரம் வேலை செய்ய முடியும்? எந்தக் கையேட்டில் என்ன எழுதியிருந்தாலும், இங்கே நடக்கும் பயிற்சி இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

மாலையில் மிட்டாய்த் தெருவில் நடந்தேன். கண்ணாடிப் பெட்டிகளுக்குள் கறுப்பும் சிவப்பும் பச்சையுமாக அல்வாப் பாளங்கள். ஒரு சந்துக் கடையில், ஓட்டோடு அரிசி மாவு அடைத்து வேகவைத்துப் பொரித்த கல்லும்மக்காயும், எலுமிச்சை பிழிந்த சுலைமானியும் கிடைத்தன. பால் இல்லாத அந்தத் தேநீருக்கு ஏலக்காயும் கிராம்பும் கொடுக்கும் மணத்துக்காகவே இந்த ஊருக்கு வரலாம். 2018 மே மாதம் இந்தத் தெரு வெறிச்சோடிக் கிடந்ததாம். நோன்புக் காலம் வேறு. நோன்பு திறக்கப் பழம் வாங்க ஆளில்லை என்றார் கடைக்காரர். வௌவால் கடித்த பழத்தால் நோய் வரும் என்று பரவிய பேச்சில், ஆப்பிளும் ஆரஞ்சும்கூடத் தேங்கிப்போயின.

மறுநாள் காலை ஓர் அரசு மருத்துவமனையின் பின்கட்டு. மழைக்கு முந்தைய மாதங்களில் நடக்கும் பயிற்சியை, புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக மறுபடியும் வைத்திருந்தார்கள். நடத்தியவர் ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர், எல்லோருக்கும் ‘சிஸ்டர்’. எதிரே துப்புரவுப் பெண்கள் ஒரு வரிசை, ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் இருவர், பிணவறை உதவியாளர் ஒருவர். மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வேறு நாள். “அவங்க இருந்தா இவங்க வாயே திறக்கமாட்டாங்க மோளே” என்றார் சிஸ்டர்.

அவர் வைரஸிலிருந்து தொடங்கவில்லை. முன்வரிசைப் பெண் ஒருவரை எழுப்பி, நேற்றுக் காலை டூட்டிக்கு வந்ததிலிருந்து என்னென்ன செய்தாய், ஒன்றுவிடாமல் சொல் என்றார். அந்தச் சேச்சி கூச்சத்தோடு சொல்லத் தொடங்கினார். தரை துடைத்தேன். கழிப்பறை கழுவினேன். அழுக்குத் துணி மூட்டையைக் கீழே கொண்டுபோனேன். நோயாளிக்குத் துணைக்கு இருப்பவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரு தாத்தா வாந்தி எடுத்தார், சிஸ்டர் யாரும் பக்கத்தில் இல்லை, நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

“அங்கேயே நில்லு” என்றார் சிஸ்டர். தலையைப் பிடித்துக்கொள்வது அவருடைய பணிப் பட்டியலில் இல்லை. ஆனால் நிபா புகுகிற இடம் அதுதான். நோய் முற்றியவரின் இருமலும் எச்சிலும் படும் தூரத்தில் நிற்பவர்களுக்குத்தான் அது தாவுகிறது. 2018இல் முதல் நோயாளியைத் தவிர மற்றவர்கள் அனைவருக்கும் நோய் மனிதரிடமிருந்தே வந்தது. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனை வார்டுகளிலும் நடைவழிகளிலும் அதைப் பெற்றவர்கள். அரசுக் கணக்கின்படி பிழைத்தவர்கள் இரண்டே பேர், இறந்தவர்கள் 17. அந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு, தாத்தாவின் தலையைப் பிடிக்காதே என்று சிஸ்டர் சொல்லவில்லை. பிடிக்கத்தான் செய்வாய், எனக்குத் தெரியும், அதனால் பிடிப்பதற்கு முன் என்ன போட்டுக்கொள்ள வேண்டும், எந்தப் பக்கம் நிற்க வேண்டும், பிடித்த பிறகு முதலில் எதைத் தொடக்கூடாது என்று காட்டினார். வாந்தி எடுப்பவருக்கு எதிரே நிற்காமல், பின்னால் பக்கவாட்டில் நின்று நெற்றியைத் தாங்குவதை ஒவ்வொருவரும் செய்து பார்த்தார்கள். பத்துப் பக்கக் கையேட்டில் இந்த ஒரு அசைவு இருக்காது.

பிறகு உடை. போட்டுக்கொள்வதை எல்லோரும் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். கழற்றுவதில்தான் ஆபத்து, உடையின் வெளிப்புறம் முழுவதும் நோய் ஒட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டு கழற்ற வேண்டும். சிஸ்டர் ஒரு தூக்குவாளியில் பீட்ரூட் சாறு கொண்டுவந்திருந்தார். அந்தச் சேச்சியின் கையுறைகள் இரண்டிலும் அதைத் தாராளமாகப் பூசினார். “இதுதான் நிபா. இப்போ கழற்று.” வெளிக் கையுறை, முழு உடை, கண்ணாடி, கடைசியில் முகக்கவசம், ஒவ்வொரு படிக்கும் நடுவே கை கழுவல். சேச்சி நிதானமாகவே செய்தார். கண்ணாடியின் பின்பட்டையைத் தூக்கும்போது நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினார். அவருக்கே தெரியவில்லை. எல்லாம் முடிந்து கண்ணாடி முன் நிற்க வைத்தபோது வலது காதின் பின்புறம் ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு.

யாரும் சிரிக்கவில்லை. சிஸ்டர் திட்டவும் இல்லை. முடி ஒதுக்கும் பழக்கம் யாருக்கெல்லாம் உண்டு என்று கேட்டார்; நான்கு கைகள் உயர்ந்தன. அந்த நான்கு பேருக்கும் எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னி, இரண்டு தொப்பி போட்ட பிறகே உடை என்று எழுதிக்கொண்டார். குள்ளமாக இருந்த ஒருவருக்கு உடையின் கால்பகுதி தரையில் புரண்டது. கிடங்கில் பெரிய அளவு மட்டும்தான் இருந்தது. கணுக்காலில் மடித்து நாடா ஒட்டிக் காட்டினார். கூடவே சின்ன அளவு வேண்டும் என்று கேட்டு எழுதவும் செய்தார். கண்ணாடி அணிந்த ஓட்டுநரைத் தனியே கூப்பிட்டு, மூச்சின் ஆவி படியாமல் முகக்கவசத்தின் மேல் விளிம்பை மூக்கோடு எப்படி அழுத்துவது என்று காட்டினார். பார்வை மங்கினால் அவர் கையால் துடைப்பார். துடைத்தால் எல்லாம் வீண்.

பிளீச்சிங் பவுடர் பாடம் எனக்கு இன்னும் பிடித்திருந்தது. வாந்தி, இரத்தம் சிந்திய இடத்தில் ஒரு சதவீதக் கரைசல் ஊற்ற வேண்டும். அதற்கு நல்ல பிளீச்சிங் பவுடர் லிட்டருக்கு 30 கிராம். துப்புரவு அறையில் தராசு கிடையாது. சிஸ்டர் 30 கிராமை முன்பே எடை போட்டு ஒரு டீ கிளாஸில் கொட்டி, அது நிற்கும் உயரத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார். அந்தக் கோடு வரை பவுடர், ஒரு லிட்டர் தண்ணீர். சிந்திய இடத்தின் மேல் துணியைப் போட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஊற்றி, பத்து நிமிடமாவது விட்டுவிட்டுத்தான் துடைக்க வேண்டும். கடிகாரம் பார்க்க முடியாதவர் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அந்தப் பத்து நிமிடத்தில் பக்கத்து வார்டுக் கழிப்பறையைக் கழுவிவிட்டு வா, நேரம் சரியாக இருக்கும் என்றார்.

மாவூர் சாலையும் கண்ணம்பறம்பும்

மாவூர் சாலை மயானமும் கண்ணம்பறம்பு பள்ளிவாசலின் அடக்கத்தலமும் சுற்றுலாப் பட்டியலில் இல்லை. 2018இல் கோழிக்கோட்டின் மிகக் கடினமான வேலை இந்த இரண்டு இடங்களில்தான் நடந்தது.

நிபாவால் இறந்தவரின் உடலை யார் தொடுவது? உறவினர் தொடக்கூடாது. மயானத் தொழிலாளர்கள் அஞ்சினார்கள். அஞ்சியதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்போது கோழிக்கோடு மாநகராட்சியின் சுகாதார அலுவலராக இருந்த டாக்டர் ஆர்.எஸ். கோபகுமார், இறந்தவர்களில் 12 பேரின் இறுதிக் காரியங்களைத் தானே முன்நின்று நடத்தினார். தாய் தனிமை வார்டில் இருந்ததால் கொள்ளி வைக்க ஆளில்லாத ஓர் இளைஞருக்கு, அந்தத் தாயின் சம்மதத்தோடு அவரே சடங்கையும் செய்தார்.

மாநகராட்சியினருக்குக் கையில் இருந்த பாடம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014இல் எபோலா பரவியபோது, இறந்தவரைக் குளிப்பாட்டுவதும் தழுவுவதும் நோய் பரவும் முக்கிய வழியாக இருந்தது. தொடக்கத்தில் உடல்களை அவசர அவசரமாக எடுத்துக்கொண்டு போனார்கள்; மக்கள் உடல்களை ஒளித்து வைத்தார்கள். 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் மதத் தலைவர்களோடு சேர்ந்து புதிய நெறிமுறை கொண்டுவந்தது. பாதுகாப்பு மட்டும் போதாது, மரியாதையும் வேண்டும் என்பது அதன் சாரம். அடக்கம் செய்யும் குழுவினருக்கு முதலில் குடும்பத்தோடு பேசவும், பிறகு உடை அணியவும் பயிற்சி கொடுக்கப்பட்டது. அந்த நோய் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில் 500க்கும் மேற்பட்ட சுகாதாரப் பணியாளர்களைக் கொன்றிருக்கிறது. அவ்வளவு விலை கொடுத்துக் கற்ற பாடம் அது.

அடக்கத்தல வாசலில் சந்தித்த முதியவர் ஒருவரை இக்கா என்று அழைத்துப் பேசினேன். குழி வெட்டும் குடும்பம். வழக்கத்தைவிட மிக ஆழமாக வெட்டச் சொன்னதாகவும், உடலைப் பையோடு இறக்கும் முறையை வெறும் மூட்டையை வைத்து ஒத்திகை பார்த்ததாகவும் சொன்னார். குளிப்பாட்ட முடியாத நிலையில் மார்க்கம் என்ன சொல்கிறது என்று அறிஞர்கள் விளக்கிய பிறகுதான் அவருக்கு நிம்மதி வந்ததாம். “கயிறு பிடிக்கிறதை ஆபீசர் சொல்லித் தந்தார். செய்யுறது பாவமில்லைன்னு உஸ்தாது சொல்லித் தந்தார். ரெண்டும் வேணும்” என்றார். ஒரு பயிற்சித் திட்டத்தை எழுதுபவர்கள் இவரை ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டால் என்ன என்று தோன்றியது.

பேராம்பிரா

அத்தோளி, உள்ளியேரி, நடுவண்ணூர் என்று குற்றியாடிப் பேருந்து பறக்கிறது. ஜன்னலுக்கு வெளியே வீட்டுக்கு வீடு தோட்டம். ஊருக்கும் ஊருக்கும் நடுவே பொட்டல் என்பதே இல்லை. பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு என்றால் தென்னை மட்டும், வரிசை பிடித்து நிற்கும். இங்கே தென்னைக்கு அடியில் கமுகு, கமுகில் ஏறிய மிளகு, ஓரத்தில் பலா, ஜாதி, மா. பழந்தின்னி வௌவாலுக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது. அது காலங்காலமாக இங்கே இருக்கிறது. அதை விரட்டினாலோ மரத்தை வெட்டினாலோ நோய் போகாது, கலைக்கப்பட்ட வௌவால் இன்னும் அதிகமாக வைரஸை வெளியேற்றக்கூடும் என்று அறிவியலாளர்கள் சொல்கிறார்கள். 2018இல் பலர் முதலில் பழியைப் போட்டது கிணற்றில் தங்கிய பூச்சி தின்னும் வௌவால்கள் மேல். அவற்றில் வைரஸ் இல்லை என்று சோதனை சொன்னது.

பேராம்பிரா தாலுகா மருத்துவமனை சின்னதுதான். 2018 மே தொடக்கத்தில் முதல் நோயாளி காய்ச்சலோடு வந்து படுத்தது இங்கே. அவரைக் கவனித்துக்கொண்ட செவிலியர் லினி புதுச்சேரி, அதே மாதம் 21ஆம் தேதி இறந்தார். அவருக்கு இரண்டு சிறு பிள்ளைகள்; கணவர் வளைகுடாவில். தனிமை வார்டிலிருந்து கணவருக்கு அவர் எழுதிய சிறு கடிதத்தைக் கேரளம் முழுக்கப் படித்து அழுதது.

லினிக்கு யாரும் பயிற்சி தரவில்லை என்று சொல்வது எளிது. அவர் வார்டில் நின்ற அந்த இரவில் அது நிபா என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. முதல் நோயாளியின் குடும்பத்தில் அடுத்தவரும் நோயுற்று, கோழிக்கோட்டின் தனியார் மருத்துவமனை ஒன்றில் தீவிர சிகிச்சை மருத்துவர் அனூப் குமாரும் சகாக்களும் சந்தேகப்பட்டு, மாதிரி மணிப்பாலுக்குப் போய், புனே தேசிய நச்சுயிரியல் ஆய்வு நிறுவனமும் உறுதி செய்த பிறகுதான் நோய்க்குப் பெயர் கிடைத்தது. பெயர் தெரியாத நோயின் முன் நிற்பவருக்குத் தரக்கூடிய பயிற்சி ஒன்றுதான்: எந்தக் காய்ச்சல், எந்த இருமல் ஆனாலும் முகக்கவசமும் கை கழுவலும். அதைக் கொள்ளைநோய் வந்த வாரத்தில் கற்றுத்தர முடியாது. அமைதியான மாதங்களில் கைப்பழக்கமாக ஊறியிருக்க வேண்டும். கொள்ளைநோயின் நடுவே தரப்படும் அவசரப் பயிற்சி, இருக்கும் பழக்கத்தின் மேல்தான் ஒட்டும். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நோய் வந்தால் மட்டும் கூடம் பிடித்து ஆள் சேர்ப்பதுதான் இன்று எல்லா ஊரிலும் வழக்கம்.

பேராம்பிராவில் அன்று வேலை பார்த்த செவிலியர்களைப் பேருந்தில் ஏற்ற மறுத்தார்கள், ஆட்டோ நிற்கவில்லை, பக்கத்து வீட்டார் விலகினார்கள். மருத்துவமனைக்கு எதிரே உள்ள ஆட்டோ நிறுத்தத்தில் ஓர் ஓட்டுநர் அதை மறைக்காமல் பேசினார். அப்போது அவருக்கு மூன்று மாதக் குழந்தை இருந்ததாம். பிறகு ஓர் இளநிலை சுகாதார ஆய்வாளர் நிறுத்தத்துக்கே வந்து, ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று சொன்னாராம். “சொன்னதைவிட, அவர் என் வண்டியில உட்கார்ந்ததுதான் எனக்குப் பட்டது” என்றார் அவர்.

மதியம் சாலையோரக் கடையில் கப்பையும் மத்திக் குழம்பும். குடம்புளியின் புளிப்பும் மிளகாயின் காரமும் நாக்கில் நெடுநேரம் நின்றன. பரிமாறிய அம்மா, சோறு வேண்டாமா, வேண்டாமா என்று கேட்டுக்கொண்டே கப்பையை நிறைத்தார்.

மருதோங்கரை

பேராம்பிராவுக்கு வடக்கே, குற்றியாடி ஆற்றோரம், ஜானகிக்காட்டின் ஓரத்தில் மருதோங்கரை. பசுமை கண்ணைக் குளிர வைக்கிறது. 2023இல் இந்த ஊருக்குத்தான் நிபா வந்தது.

முதல் நோயாளி ஆகஸ்ட் 30 அன்று இறந்தார். திருவோணத்துக்கு மறுநாள். அப்போது அது நிபா என்று தெரியாது. தெரிந்தது செப்டம்பர் 12 அன்று. ஏறத்தாழ இரண்டு வாரம் பின்னோக்கிப் போய் அவர் யாரைச் சந்தித்தார், எந்த மருத்துவமனையில் எந்த வரிசையில் உட்கார்ந்தார் என்று தேட வேண்டும். தேடப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். அந்த முறை ஆறு பேருக்கு நோய் உறுதியானது. இரண்டு பேரை இழந்தார்கள், நான்கு பேர் மீண்டார்கள். அவர்களில் ஒருவன் முதலில் இறந்தவரின் ஒன்பது வயது மகன்.

ஆஷா பணியாளர் ஒருவர் என்னைத் தன்னோடு வீடுகளுக்கு அழைத்துப் போனார். இத்தா என்றுதான் ஊரே அவரைக் கூப்பிடுகிறது. குடையை மடக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, வழுக்கும் செம்மண் படிகளில் என்னைவிட வேகமாக ஏறினார். 2023இல் தங்களுக்குப் பஞ்சாயத்து அலுவலகத்தின் முற்றத்தில் பயிற்சி நடந்தது என்றார். நடத்தியவர் அதே ஊரின் சுகாதார ஆய்வாளர். ‘கடந்த பதினைந்து நாளில் எங்கே போனீர்கள்’ என்று கேட்டால் யாருக்கும் நினைவு வராது, தேதியைக் கேட்காதீர்கள் என்றுதான் அவர் தொடங்கினாராம். ஓணத்துக்கு முதல் நாள் துணி எடுக்க எங்கே போனீர்கள்? ஓணச் சோறு யார் வீட்டில்? அந்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு எந்தப் பள்ளி? அன்று மழை பெய்ததா, எங்கே ஒதுங்கினீர்கள்? இப்படிக் கேட்டால், மறந்ததாகச் சொன்னவர்களும் நினைவைக் கோத்துத் தந்தார்கள். காவல்துறை கைபேசிக் கோபுரத் தகவலும் கேமராப் பதிவுகளும் தந்தது. ஆனால் குடைக்குள் யார் ஒதுங்கினார் என்று கோபுரம் சொல்லாது.

பயிற்சியில் அடுத்தது, காய்ச்சலை மறைப்பவர். ஆய்வாளரே மறைக்கும் தகப்பனாக நடித்தார். ஆஷாக்கள் ஒவ்வொருவராக அவரிடம் கேட்டார்கள். ‘இங்கே யாருக்கும் ஒண்ணுமில்லை, போயிட்டு வாங்க’ என்று அவர் கதவைச் சாத்தினார். எத்தனை முறை சாத்தினாலும், அவர் எதற்கு அஞ்சுகிறார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பலருக்குப் பயம் நோயைக் குறித்தல்ல. சைரன் போட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் வீட்டு வாசலில் நிற்கும், பெண்ணுக்கு நிச்சயம் ஆன சம்பந்தம் முறியும் என்ற பயம். அதைத் தெரிந்துகொண்ட பிறகு, சைரன் இல்லாமல் வண்டி வரும் என்ற ஒரு வாக்கை ஆஷாக்கள் கேட்டு வாங்கிக்கொண்டு வீடுகளுக்குப் போனார்கள்.

அக்காவின் கேள்வியை இத்தாவிடம் கேட்டேன். உள்ளே கூப்பிடும் பாட்டியிடம் என்ன சொல்வது? அவர் யோசிக்கவே இல்லை. “நான் படியில உட்கார்ந்துக்குவேன், மோளே. நின்னுக்கிட்டே பேசினா அவசரமா போறேன்னு நினைப்பாங்க, உள்ளே போனா தப்பு. படியில உட்கார்ந்தா, வந்தது மாதிரியும் ஆச்சு, வராத மாதிரியும் ஆச்சு. என் தண்ணியை என் பாட்டில்லேருந்து அவங்க முன்னாடியே குடிப்பேன்.” இதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்றேன். பயிற்சியில் ஓர் ஆஷா சொன்னாராம்; நன்றாக இருக்கிறதே என்று ஆய்வாளர் எல்லோரையும் அப்படியே செய்யச் சொன்னாராம். அன்று மாலையே அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இதை 2020இல் யாராவது சொல்லியிருந்தா, எத்தனை பாட்டிகள்கிட்ட மனஸ்தாபம் வராம இருந்திருக்கும்” என்றாள்.

2025 தொடக்கத்தில் இத்தாவுக்கு மாத மதிப்பூதியம் 7,000 ரூபாய். அந்த ஆண்டு பிப்ரவரியில் கேரள ஆஷாக்களில் ஒரு பகுதியினர் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன் போராட உட்கார்ந்தார்கள். மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் எழவில்லை. ஆபத்தின் முதல் வாசலில் நிற்கச் சொல்லிப் பயிற்சி தருகிற அரசு, அந்த வாசலில் நிற்பவரின் அடுப்பையும் பார்க்க வேண்டும். எவ்வளவு நல்ல பயிற்சியும் இதற்கு ஈடாகாது.

பாட்டவயல், கூடலூர்

குற்றியாடியிலிருந்து பக்ரந்தளம் சுரம் ஏறினால் வயநாடு. பனி மூட்டத்தில் வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. பத்தேரியைத் தாண்டிப் பாட்டவயலில் தமிழ்நாடு தொடங்குகிறது. பெயர்ப் பலகை மாறுகிறது. தேயிலைச் சரிவு மாறுவதில்லை.

கூடலூர் தனி உலகம். 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய தமிழர்கள், தலைமுறைகளாக வாழும் மலையாளிகள், இந்த மண்ணின் பழங்குடிகளான பணியர்கள், காட்டுநாயக்கர்கள். டீக்கடையில் ஒரே பெஞ்சில் மூன்று மொழி கேட்டது. வர்க்கியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தபோது, நிபா எச்சரிக்கைக் காலங்களில் சோதனைச்சாவடியில் நின்ற இளம் சுகாதார ஆய்வாளர் ஒருவர் அறிமுகமானார். ஒப்பந்த ஊழியர். மருதோங்கரையில் பார்த்ததை நான் சொல்லச் சொல்ல, அவர் தேநீரை ஆறவிட்டுவிட்டார்.

அவருக்கும் பயிற்சி நடந்தது. வெப்பமானியை நெற்றியிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிப்பது, எந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று தெளிவாகவே சொன்னார்களாம். நிபாவின் அறிகுறிகளும் தெரியும். தொடர்பில் வந்தவரை 21 நாள் கண்காணிக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் நள்ளிரவில் மழையில் நின்று, காய்ச்சலோடு வரும் மனிதரைக் கீழே இறக்குகிற வேலைக்கு அவரை யாரும் தயார் செய்யவில்லை. பயிற்சி நடந்தபோது கேட்க வேண்டும் என்று நினைத்த கேள்விகளைக் கைபேசியில் எழுதி வைத்திருந்தார். எனக்குக் காட்டினார். அடுத்த முறை அந்தப் பயிற்சியைத் திட்டமிடப்போகும் யாராவது இந்தக் கட்டுரையைப் படிக்கக்கூடும் என்ற நம்பிக்கையில், அவர் அனுமதியோடு அப்படியே தருகிறேன்.

காய்ச்சல் இருக்கிற காய்கறி லாரி டிரைவரை நிறுத்தினால், அழுகிப்போகும் சரக்குக்கு யார் பொறுப்பு? அதைச் சொல்லாமல் அவரை இறங்க வைக்க முடியாது.

தமிழும் மலையாளமும் சரியாகத் தெரியாத பணியர் அம்மாவிடம் நான் எப்படிக் கேட்பது? அவர்கள் ஊரிலிருந்தே ஒருவரைக் கூட நிற்க வைப்பீர்களா?

நானே தொடர்புப் பட்டியலில் வந்தால், வீட்டில் இருக்கிற அந்த 21 நாளுக்கு எனக்குச் சம்பளம் உண்டா?